செய்தி வரிசையும் பற்றுச்சீட்டும்

தபாற் கந்தோர் மூலம் அனுப்பப்படும் கடிதங்களுள் சாதாரணக் கடிதமென்றும் பதிவுத் தபாலென்றும் இருவகை உண்டென்பதை நேயர்கள் அறிவர். சாதாரணக் கடிதத்தைச் சிவப்புப் பெட்டியினுள் இட்டவர், அது சென்று சேரும் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புகின்றார். பதிவுத் தபாலை ஒப்படைத்தவரோ கையில் ஒரு பற்றுச்சீட்டுடன் திரும்புகின்றார். அக்கடிதம் கந்தோரிலிருந்து பைக்கும், பையிலிருந்து புகையிரதத்துக்கும், புகையிரதத்திலிருந்து மற்றொரு கந்தோருக்கும் மாறுகையில், ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் இலக்கத்தின்கீழ்ப் பதியப்படுகின்றது. இறுதியிற் பெறுபவர் கையொப்பமிடுகின்றார். இவ்விரு வகைகளுக்குமிடையேயுள்ள முதன்மையான வேறுபாடு பொறுப்பைப் பற்றியது. பதிவுத் தபாலொன்று இந்தக் கணத்தில் யார் கையில் இருக்கின்றது என்று வினவினால், அதற்கு ஒரு விடை இருந்தே ஆகவேண்டும்.

இற்றை நாளில் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் முக்கியமான செய்திகளும் பெரும்பாலும் இம்முறையைத் தழுவியே செல்கின்றன. கணினிகள் தமக்குள் பதிவுத் தபால் அனுப்பிக்கொள்ளும் இவ்வேற்பாட்டுக்குச் செய்தி வரிசை வலையமைப்பு என்று பெயர். ஒரு வங்கியின் பிரயோகச் சேவையகத்தை அதற்குப் புறத்தேயுள்ள செய்தி வரிசை வலையமைப்போடு இணைப்பது எவ்வாறு என்பதும், அவ்விணைப்பில் எவ்விடத்தில் ஆபத்து மறைந்திருக்கின்றது என்பதுமே இப்பேச்சின் பொருளாகும்.

முதலிற் பிரயோகச் சேவையகம் என்பது யாது எனப் பார்ப்போம். வங்கி வாடிக்கையாளர் ஒருவர் தம் கைத்தொலைபேசியிலிருந்து, மற்றொரு வங்கியிற் கணக்கு வைத்திருக்கும் தம் மகனுக்கு 10,000 ரூபா அனுப்ப விரும்புகின்றார் எனக் கொள்வோம். அவருடைய கட்டளை வங்கியிலுள்ள ஒரு கணினியைச் சென்றடைகின்றது. அவர் இன்னார்தாம் எனச் சரிபார்ப்பதும், கணக்கில் மீதி உண்டா எனப் பார்ப்பதும், தொகையைக் கழிப்பதும் அக்கணினியில் ஓடும் நிரல்களின் வேலை. அந்நிரல்களை ஏந்தி, அவற்றுக்கு வேண்டிய வசதிகளையெல்லாம் அளித்து நடத்தும் மென்பொருளே பிரயோகச் சேவையகம். ஐ.பி.எம். கொம்பனி 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்ஸ்பியர் என்பது இவ்வகையைச் சேர்ந்தது. அது இன்றும் பல பெரிய நிறுவனங்களிற் பணிபுரிகின்றது.

ஆனால், மகனுடைய கணக்கு வேறொரு வங்கியில் இருக்கின்றது. அவ்வங்கியின் கணினிக்கு எசமானர் வேறு. அது திறந்திருக்கும் நேரமும், பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்படும் நேரமும் வேறு. இவ்விரண்டு கணினிகளும் எவ்வாறு பேசிக்கொள்வது? தொலைபேசியிற் பேசுவதுபோல நேருக்கு நேர் பேசுவது ஒரு வழி. அவ்வழியில் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருத்தல் வேண்டும். மறுமுனை மறுமொழி தரத் தாமதித்தால், கேட்டவர் தொலைபேசியைப் பிடித்தபடி நிற்க வேண்டியதுதான். ஒரே நேரத்திற் பல நூறு வாடிக்கையாளரைக் கவனிக்கும் சேவையகத்தில் இவ்வாறு நிற்பவர் தொகை பெருகினால், சேவையகத்தின் வேலையாட்கள் அனைவரும் காத்திருப்பிலேயே முடங்கிவிடுவர். அயல் வங்கியொன்று உறங்கியதற்காக இவ்வங்கி முழுவதும் உறங்க நேரிடும்.

கடிதம் எழுதுவது மற்றொரு வழி. கடிதம் எழுதுபவர், பெறுபவர் விழிக்கும்வரை காத்திருப்பதில்லை. கடிதத்தை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டுத் தம் அடுத்த வேலையைக் கவனிக்கின்றார். செய்தி வரிசையின் அடிப்படை இதுவே. வரிசை என்பது செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கியிருக்கும் பெட்டி. அப்பெட்டிகளைக் காத்து, உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் பதிந்து, பிறவிடங்களுக்கு அனுப்பிவைக்கும் மென்பொருளுக்கு வரிசை முகாமையாளர் என்று பெயர். ஒரு தபாலதிபரின் கடமைகள் யாவும் அதற்கு உண்டு எனலாம்.

வங்கிகளுக்கிடையே செய்தி செல்லும் வலையமைப்புக்கள் புதியன அல்ல. 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து 1973ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தில் நிறுவிய சுவிஃப்ட் என்னும் கூட்டுறவு அமைப்பு, 1977இல் தன் சேவையைத் தொடங்கியது. எந்த நிறுவனமும் தன்னகத்தே நிறுவிக்கொள்ளக்கூடிய பொதுவான வரிசை மென்பொருளாக, 1993இல் எம்.கியூ. சீரிஸ் என்பதை ஐ.பி.எம். வெளியிட்டது. அதுவே 2002இல் வெப்ஸ்பியர் எம்.கியூ. எனவும், 2014இல் ஐ.பி.எம். எம்.கியூ. எனவும் பெயர் மாறியது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் எவ்வகை வரிசையோடும் ஒரே விதமாகப் பேசுவதற்கென ஜே.எம்.எஸ். என்னும் பொதுவிதி 1998இல் வகுக்கப்பட்டது. சேவையகத்தையும் புறத்தேயுள்ள வரிசை வலையமைப்பையும் இணைக்கும் வேலை, இவை யாவும் கூடுமிடத்திலேயே நிகழ்கின்றது.

இணைப்புக்கு இருவேறு வழிகள் உள. முதல் வழியில், சேவையகம் தன்னிடத்திற் பெட்டி எதனையும் வைத்துக்கொள்வதில்லை. அதன் நிரல்கள் புறத்தேயுள்ள வரிசை முகாமையாளரோடு நேரே தொடர்புகொண்டு, செய்தியை அங்கேயே இடுகின்றன. சொந்தத் தபாற்பெட்டி இல்லாத ஊரார் பட்டணத்துக் கந்தோருக்கே நடந்து சென்று கடிதத்தைக் கொடுப்பது போன்றது இது. ஏற்பாடு எளிது, கவனிக்க வேண்டிய உறுப்புக்களும் குறைவு. ஆயின், பட்டணத்துக்குச் செல்லும் வீதி வெள்ளத்தில் மூழ்கிய நாளில் கடிதத்தை எங்கும் கொடுக்க முடியாது. தொடர்பு அறுந்த நேரத்தில் நிரலுக்குப் பிழைச் செய்தியே மிஞ்சும். அதன்பின் என்ன செய்வதென்பது நிரலை எழுதியவரின் பொறுப்பு.

இரண்டாவது வழியில், சேவையகம் தன்னகத்தே ஒரு செய்தி இயந்திரத்தை வைத்திருக்கின்றது. ஊரிலேயே ஓர் உபதபாற் கந்தோர் இருப்பது போன்றது இவ்வேற்பாடு. நிரல் தன் செய்தியை இவ்வியந்திரத்திடம் ஒப்படைத்ததும் அதன் கடமை முடிந்துவிடுகின்றது. இயந்திரம் அதனைத் தன் களஞ்சியத்தில் எழுதிவைத்து, வெளித்தொடர்பு உள்ளபோது அனுப்புகின்றது. தொடர்பு இல்லாதபோது காத்திருக்கின்றது. வெப்ஸ்பியர் சேவையகத்தில் இத்தகைய இயந்திரங்களின் கூட்டத்துக்குப் பஸ் என்று பெயர். வீதியில் ஓடும் பஸ் வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பலரும் பொதுவாகப் பயன்படுத்தும் செய்திப் பாதை என்ற பொருளிலேயே இச்சொல் ஆளப்படுகின்றது. புறத்தேயுள்ள எம்.கியூ. வலையமைப்பு இப்பஸ்ஸின் கண்ணுக்கு ஓர் அயற் பஸ்ஸாகத் தோன்றுகின்றது. அவ்வலையமைப்பின் கண்ணுக்கோ, இந்தச் செய்தி இயந்திரம் தன்னைப் போன்ற மற்றொரு வரிசை முகாமையாளராகத் தோன்றுகின்றது. ஒவ்வொன்றும் மற்றதனைத் தன் இனமாகக் கருதுவதனால், எத்தரப்பும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே உறவு கொள்ள முடிகின்றது.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவான விடை கிடையாது. கேட்க வேண்டிய வினா ஒன்றே: வெளித்தொடர்பு அறுந்திருக்கும் நேரத்தில் செய்தி எங்கே தங்கியிருக்க வேண்டும்? வீட்டிலே தங்கியிருக்கலாம் எனின் இரண்டாவது வழி பொருந்தும். அவ்வாறு தங்கும் செய்திகளைக் காக்கும் களஞ்சியமும், அதனைக் கவனிக்கும் ஆளும் அப்போது வீட்டில் இருக்க வேண்டும். அனுப்ப முடியாவிடின் வாடிக்கையாளருக்கு உடனே தெரிந்தாக வேண்டும் எனின், முதல் வழியே நேர்மையானது.

இரண்டாவது வழியைத் தெரிந்தவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியது தடம் அமைத்தலாகும். தடம் என்பது ஒருவழிப்பாதை. செல்வதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு தடங்கள் வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் அனுப்பு முனை ஒன்றும் பெறு முனை ஒன்றும் உண்டு. இரு முனைகளிலும் தடத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறாகவே கொள்ளப்படும். தடத்தின் பெயர் 20 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. வரிசையின் பெயர் 48 எழுத்துக்களுக்கு மேற்படலாகாது. எம்.கியூ. முகாமையாளர் வழக்கமாகச் செவிகொடுக்கும் துறையின் இலக்கம் 1414. இரு நிறுவனங்களின் மதிற்காவல் மென்பொருள்களும் அத்துறைக்கு வழிவிட வேண்டும். புதிய இணைப்புக்கள் முதல் நாளிலேயே இயங்காமற்போவதற்குப் பெரும்பாலும் காரணமாவன, பெயரில் ஓர் எழுத்து மாறுவது, துறை அடைபட்டிருப்பது போன்ற சிறு குறைகளே.

இனித் தடத்தின் வழியே செய்தி செல்லும் முறையைக் கவனிப்போம். செய்திகளிலும் பதிவுத் தபாலும் சாதாரணக் கடிதமும் போல இருவகை உண்டு. நிலைபேறுடைய செய்தி என்பது வட்டில் எழுதப்பட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளப்படும். மின்சாரம் நின்று கணினி விழுந்தெழுந்தாலும் அது இருக்கும். நிலைபேறற்ற செய்தி நினைவகத்தில் மட்டும் தங்குவது. அது விரைவாகச் செல்லும். ஆயினும், முகாமையாளர் நின்று மீண்டும் தொடங்கினால் அழிந்துபோகும். கணக்கு மீதி எவ்வளவு எனக் கேட்கும் செய்தி அழிந்தால் மறுமுறை கேட்டுக்கொள்ளலாம். பணம் செலுத்தும் கட்டளை அழியலாமா? எவ்வகைச் செய்தி எவ்வகையில் அனுப்பப்படுகின்றது என்பதை இணைப்பவர் ஒவ்வொன்றாகத் தீர்மானித்தல் வேண்டும்.

செய்திகள் தொகுதி தொகுதியாகவே தடத்திற் செல்கின்றன. வேறு எண் குறிப்பிடப்படாவிடின் தொகுதி ஒன்றில் 50 செய்திகள் வரை அடங்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தொடரிலக்கம் உண்டு. தொகுதியை அனுப்பியபின், அனுப்பு முனை மறுமுனையிடம், 'யாவும் கிடைத்தனவா?' என்று கேட்கின்றது. மறுமுனை அவற்றைத் தன் வட்டில் உறுதியாக எழுதிவிட்டு, 'கிடைத்தன' என்று மறுமொழி தருகின்றது. இம்மறுமொழியே பற்றுச்சீட்டு. அது கைக்கு வந்த பின்னரே அனுப்பு முனை தன்னிடமுள்ள படிகளை அழிக்கின்றது. அதுவரையும் பொறுப்பு அனுப்பியவருடையது, அதன்பின் பெற்றவருடையது.

இதிலே ஓர் இடர் உண்டு. தொகுதி சென்றது, மறுமுனை அதனை எழுதியும் விட்டது, ஆனால், 'கிடைத்தன' என்னும் மறுமொழி வரும் வழியில் தொடர்பு அறுந்தது. இப்போது அனுப்பியவர் நிலை என்ன? தொகுதி சேர்ந்திருக்கலாம், சேராதும் இருக்கலாம். அனுப்பியவரிடம் இதனை அறியும் வழி அந்தக் கணத்தில் இல்லை. இதற்கு ஐயநிலை என்று பெயரிடலாம். ஐ.பி.எம். கொம்பனியில் ஆராய்ச்சியாளராக இருந்த ஜிம் கிரே, 1978இல் எழுதிய குறிப்புக்களில் இரு சேனாபதிகளின் கதை ஒன்றால் இதனை விளக்கினார். இருவேறு குன்றுகளிற் பாளயமிட்ட இரு சேனாபதிகள் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதுவரோ இடையிலுள்ள பள்ளத்தாக்கிற் பகைவரிடம் அகப்படக்கூடும். முதலாமவர் நேரத்தைக் குறித்துத் தூதனுப்புகின்றார். இரண்டாமவர் சம்மதம் என மறுதூது அனுப்புகின்றார். அம்மறுதூது சேர்ந்ததா என அறிய மற்றொரு தூது வேண்டும். அது சேர்ந்ததா என அறிய இன்னுமொன்று வேண்டும். எத்தனை தூது அனுப்பினும் இருவருக்கும் ஐயமற்ற உறுதி பிறவாது. நம்பத்தகாத பாதையொன்றின் இயல்பே இதுவாகும். எந்திரத்தின் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று.

அவ்வாறாயின் செய்தி வரிசை இதனை எவ்வாறு சமாளிக்கின்றது? ஐயத்தை அது ஒழித்துவிடுவதில்லை, ஐயத்தையே எழுதிவைத்துக்கொள்கின்றது. அனுப்பு முனை அத்தொகுதியை அழிக்காமலும் மீண்டும் அனுப்பாமலும், ஐயநிலையில் உள்ளதெனக் குறித்துவைக்கின்றது. தொடர்பு மீண்டதும், 'நீர் கடைசியாக உறுதிசெய்த தொகுதியின் அடையாளம் யாது?' என்று மறுமுனையிடம் கேட்கின்றது. அடையாளம் பொருந்தினால் படிகளை அழிக்கின்றது. பொருந்தாவிடின் தொகுதியை மீண்டும் அனுப்புகின்றது. பொறுத்திருந்து கேட்பவருக்கு உண்மை கிடைக்கின்றது.

பொறுமையிழந்த மனிதர் இதிலே தலையிடும்போதே பெருங்கேடு நேர்கின்றது. தடம் ஐயநிலையில் நிற்கின்றது, வாடிக்கையாளர் தொலைபேசியிற் குறைகூறுகின்றனர், மேலதிகாரி விரைவுபடுத்துகின்றார். இயக்குநர் கையில் இரு கட்டளைகள் உள்ளன. 'சேர்ந்துவிட்டதாகக் கொள்' என்பது ஒன்று. 'சேரவில்லையெனக் கொள்' என்பது மற்றொன்று. உண்மையிற் சேராத தொகுதியைச் சேர்ந்ததெனக் கொண்டால், 50 பேருடைய பணக்கட்டளைகள் எவரும் அறியாது அழிந்துபோகும். உண்மையிற் சேர்ந்த தொகுதியைச் சேரவில்லையெனக் கொண்டால், அதே 50 கட்டளைகள் இரண்டாம் முறையும் செல்லும். ஒரு தொழிலாளியின் சம்பளம் காணாமற்போவதும், ஒரு விதவையின் சேமிப்பிலிருந்து ஒரே தொகை இருமுறை கழிவதும் இவ்வாறுதான். தொடரிலக்கத்தை ஒன்றுக்கு மீட்டமைக்கும் கட்டளையும் இத்தகையதே. இக்கட்டளைகளை இடுமுன் இரு முனைகளிலும் பதிவாகியுள்ள தொகுதி அடையாளங்களை ஒப்புநோக்குதல் வேண்டும். அயல் நிறுவனத்தாரோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசுவதே அதற்குப் போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அழிப்பதாயினும் ஒப்புநோக்கி அழி என்பது இத்துறைக்குப் பொருந்தும்.

தடத்தில் மட்டுமன்றிச் சேவையகத்தின் உள்ளேயும் இத்தகைய ஓர் இடம் உண்டு. தகப்பனாரின் கணக்கிலிருந்து 10,000 ரூபாவைக் கழிப்பது தரவுத்தளத்தில் நிகழ்வது. மகனுக்கான செய்தியை இடுவது வரிசையில் நிகழ்வது. ஒன்று நடந்து மற்றது நடவாதொழிந்தால் பணம் அந்தரத்தில் நின்றுவிடும். ஆகவே இவ்விரண்டையும் சேவையகம் ஒரே கொடுக்கல் வாங்கலாகக் கட்டுகின்றது. முதலில் இரு தரப்பினரிடமும், 'ஆயத்தமா?' என்று கேட்கின்றது. இருவரும் ஆம் எனின் அதனைத் தன் பதிவேட்டில் எழுதியபின், 'முடியுங்கள்' என்று கட்டளையிடுகின்றது. எவரேனும் இல்லை என்றால் இருவரையும் பின்வாங்கச் செய்கின்றது. மேற்சொன்ன 1978ஆம் ஆண்டுக் குறிப்புக்களிலே கிரே விவரித்த இருபடி உறுதிசெய்கை என்னும் முறை இதுவே. சேவையகம் நடுவிலே விழுந்துவிட்டால், மீண்டும் எழும்போது அப்பதிவேட்டைப் படித்தே விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றது. இடம் போதவில்லை, தொடங்கத் தாமதமாகின்றது என்ற காரணங்களுக்காக அப்பதிவேட்டை அழிப்பவர், தாம் கொடுத்த வாக்கையே மறந்தவராகின்றார்.

இத்தனை காவல் இருந்தும், செய்தியைப் பெறும் நிரல் ஒருபோதும் முழு நம்பிக்கையோடு இருத்தல் கூடாது. ஒவ்வொரு கட்டளைக்கும் மீண்டும் வராத ஓர் அடையாள இலக்கத்தை அனுப்புபவர் இடுதல் வேண்டும். பெறுபவர், 'இவ்விலக்கத்துக்குரிய வேலையை முன்னரே செய்தேனா?' எனப் பார்த்தபின்னரே செய்தல் வேண்டும். அப்போது ஒரே செய்தி இருமுறை வந்தாலும் பணம் ஒருமுறையே செல்லும்.

சில செய்திகள் எங்கும் சேரமாட்டா. குறித்த வரிசை அங்கு இல்லாதிருக்கலாம், நிறைந்திருக்கலாம், செய்தி அளவிற் பெரிதாயிருக்கலாம். எம்.கியூ. முகாமையாளர் தனியாகக் கூறாதவிடத்து 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட செய்தியை ஏற்பதில்லை. வேறு சில, சேர்ந்தும் பெறும் நிரலை ஒவ்வொரு முறையும் விழச்செய்யும் நச்சுச் செய்திகளாகும். வெப்ஸ்பியரின் பஸ், வேறு எண் குறிப்பிடாவிடின் 5 முறை தோற்ற செய்தியை அப்புறப்படுத்திவிடும். இவ்வாறான செய்திகளுக்கெனச் சேராக் கடித வரிசை ஒன்று வைக்கப்படுகின்றது. அவ்வரிசை இருந்தாற் போதாது. அதனைத் திறந்து பார்க்கும் கடமை பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவருக்கு இருத்தல் வேண்டும். எவரும் திறவாத சேராக் கடிதப் பெட்டியிற் பணமும் பயன்மிகு செய்தியும் மாதக்கணக்கிற் கிடக்கும்.

எழுத்து மாற்றமும் கவனித்தற்குரியது. வங்கிகளிலுள்ள ஐ.பி.எம். பெருங்கணினிகள் எப்சிடிக் என்னும் எழுத்துக் குறிமுறையைக் கையாளுகின்றன. பிற கணினிகள் ஆஸ்கி முறையையும் அதன் வழிவந்த யூனிகோட் முறையையும் கையாளுகின்றன. ஆங்கிலத்தின் முதலெழுத்தான பெரிய 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. தமிழ் அகரத்தின் யூனிகோட் இலக்கம் 2949. செய்தியின் தலைப்பில் எந்தக் குறிமுறை என்பது சரியாகக் கூறப்பட்டிருந்தால், இரு முனைகளும் மொழிபெயர்த்துக்கொள்ளும். மறுமுனையின் குறிமுறையிற் பழைய ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே இருந்தால், தமிழில் எழுதிய பெயர் வெறும் கேள்விக் குறிகளாகவோ பொருளற்ற குறிகளாகவோ சென்று சேரும். பெயர் சிதைந்த பணக்கட்டளையை எந்த வங்கி ஏற்கும்? ஆதலால், தமிழிற் பெயர் எழுதும் வசதியை அளிக்கும் நிறுவனம், பாதை நெடுகிலும் அவ்வெழுத்துக்கு இடமுண்டா என முன்னரே சோதித்தல் வேண்டும்.

இறுதியாகப் பாதுகாப்பு. தடத்தில் ஓடும் செய்தியைப் பிறர் வாசியாதபடி மறைகுறியாக்கலாம். மறுமுனையில் இருப்பவர் உரியவரே என்பதற்கு இலத்திரனியற் சான்றிதழ் கேட்கலாம். இவை இன்றியமையாதன. ஆயினும், இவை யாவும் பாதையைக் காப்பன. பாதையின் தொடக்கத்தில் இருப்பவரைக் காப்பன அல்ல. இதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நிகழ்ந்தது. அவ்வங்கி நியூயோர்க் நகரிலுள்ள அமெரிக்க மத்திய வங்கியில் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை எடுக்கும்படி 35 போலிக் கட்டளைகள் சுவிஃப்ட் வழியாகச் சென்றன. சுவிஃப்ட்டின் மைய வலையமைப்பை எவரும் உடைக்கவில்லை. அதனோடு வங்கியை இணைத்த பொறியிலேயே திருடர் புகுந்திருந்தனர். ஆகவே கட்டளைகள் வங்கியின் உண்மையான அடையாளத்தோடு சென்றன. வலையமைப்பு அவற்றை உண்மையெனவே ஏற்று, தவறாது கொண்டுசேர்த்தது.

இந்நிகழ்ச்சியில் நேயர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அனுப்பிய கட்டளைகளுக்கு உறுதிச் செய்திகள் வரும். அவை அச்சுப்பொறியொன்றில் தாமே அச்சாகி உத்தியோகத்தர் கைக்கு வரவேண்டியவை. திருடர் வைத்த மென்பொருள் அவ்வுறுதிச் செய்திகள் அச்சாகாதபடி தடுத்தது. பெப்ரவரி 5ஆந் திகதி வெள்ளிக்கிழமை, அங்கு வார விடுமுறை நாள். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்பதைக் கண்டவர்கள் அதனை வழக்கமான பழுதென்றே எண்ணினர். பற்றுச்சீட்டு வராத நாளிலே, ஏன் வரவில்லை என்ற கேள்வி உடனே எழவில்லை. 35 கட்டளைகளுள் 30 தடைப்பட்டன, 5 நிறைவேறின. அவற்றுள் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்று, பெரும்பகுதி மீளாதொழிந்தது. எஞ்சிய 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு வந்தது. அக்கட்டளையிற் பெறுபவரின் பெயரிலிருந்த ஓர் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு இருந்ததைக் கண்டு இடைநிலை வங்கி விளக்கம் கேட்டமையால், அத்தொகை திரும்பக் கிடைத்தது. ஒரு மனிதர் கேட்ட கேள்வி, பல பூட்டுக்கள் காவாததைக் காத்தது. அவ்வாண்டிலேயே சுவிஃப்ட் அமைப்பு தன் உறுப்பினருக்கெனப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, இணைப்புப் பொறிகளை ஏனைய அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்துவைத்தல் முதலிய விதிகளை வகுத்தது.

ஆகவே, ஒரு சேவையகத்தைப் புறத்தேயுள்ள செய்தி வரிசை வலையமைப்போடு இணைப்பவர், தம் வேலை தடம் பச்சை விளக்குக் காட்டியதோடு முடிந்ததெனக் கொள்ளலாகாது. தொடர்பு அறுந்தால் செய்தி யாரிடம் இருக்கும், ஐயநிலை நேர்ந்தால் யார் யாரைக் கேட்பது, சேராக் கடித வரிசையை நாள்தோறும் யார் திறப்பது, வந்த பற்றுச்சீட்டுக்களைச் சென்ற கட்டளைகளோடு யார் ஒப்பிடுவது, இணைப்புப் பொறியை யார் அணுகலாம் என்ற ஐந்து வினாக்களுக்கும் விடைகளை எழுதி, உரியவர்களின் பெயரையும் அவற்றோடு குறித்துவைத்தல் வேண்டும். வரிசையும் தடமும் தமக்கு ஒப்படைத்ததை நேர்மையாகக் கொண்டுசேர்க்கும். ஒப்படைத்தது மெய்யோ பொய்யோ என அவை அறியமாட்டா. அதை அறிவதற்குப் பற்றுச்சீட்டை வாசிக்கும் ஒரு மனிதர் வேண்டும். அது வராத நாளில், ஏன் வரவில்லை என்று அன்றைக்கே கேட்பதும் அவருடைய கடமையாகும்.